சாயத்தண்ணீரில் நிறம் போகும், உப்பு எங்கே போகும்?

மழைக்காலம் வந்தால் நொய்யல் ஆற்றில் நுரை பொங்குகிறது, தண்ணீர் நிறம் மாறி ஓடுகிறது என்று படத்தோடு செய்தி வரும். கொஞ்ச நாளில் வேறொரு செய்தி வரும்: ஏதோ ஒரு பழத்தோலிலிருந்தோ விதையிலிருந்தோ செய்த தூள், தண்ணீரில் இருந்த சாயத்தை 90 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிட்டது என்று. இரண்டையும் படிப்பவருக்கு நியாயமாகவே ஒரு கேள்வி எழும். ஒரு தூளே போதும் என்றால், திருப்பூரில் கோடிக்கணக்கில் செலவழித்துச் சவ்வுகளும் ஆவியாக்கிகளும் வைத்த பொது சுத்திகரிப்பு நிலையங்கள் எதற்கு?

விடை சாயத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தண்ணீர் அழுக்காவதற்கு முன்னால் சாயப்பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டறையில் நடப்பது

திருப்பூரின் பின்னலாடை பெரும்பாலும் பருத்தி. பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அதாவது பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பு உண்டாக்கி ஒட்டிக்கொள்ளும் சாயம். துவைத்தாலும் போகாததற்குக் காரணம் அந்தப் பிணைப்புதான்.

ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. ரியாக்டிவ் சாய மூலக்கூறும் எதிர்மின் தன்மை கொண்டதுதான். ஒரே மின்தன்மை கொண்டவை ஒன்றையொன்று தள்ளும். சாயம் தண்ணீரிலேயே சுகமாக இருந்துவிடும், துணிப் பக்கம் வராது. இந்தத் தள்ளலை மறைப்பதற்காகத்தான் உப்பு போடுகிறார்கள். உப்பிலிருந்து பிரியும் சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து இரண்டையும் நெருங்க விடுகின்றன. அப்புறம் சோடா சாம்பல் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால் பிணைப்பு உண்டாகிறது.

எவ்வளவு உப்பு? நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து ஒரு லிட்டர் சாயக் குளியலுக்கு 30 முதல் 80 கிராம் வரை. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு. கிட்டத்தட்ட அரைக் கிலோ. அதில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்குவதில்லை. வேலையை முடித்துவிட்டு அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

சாயத்திலும் ஒரு பங்கு வீணாகும். போட்ட சாயத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை துணியோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து, இனி எந்தத் துணியிலும் ஒட்ட முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அலசும்போது அதுவும் வெளியேறுகிறது.

ஆக, கழிவுத் தண்ணீரில் முக்கியமாக இரண்டு சரக்குகள். ஒன்று சாயம்: அளவில் சிறியது, ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று உப்பு: அளவில் மிகப் பெரியது, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்த வேற்றுமைதான் கொங்கு மண்ணுக்கு இவ்வளவு கேடு செய்தது.

நிறம் போனால் போதும் என்று நம்பிய காலம்

1990களில் வந்த சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலும் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைச் சேறாக வீழ்படிய வைத்தார்கள். மேலே தெளிந்த தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். பார்வைக்கு நல்ல தண்ணீர். உப்பு அப்படியே இருந்தது. போட்ட ரசாயனத்தால் இன்னும் கொஞ்சம் கூடியும் இருந்தது.

உப்பை அளக்கும் அளவுகோல் டி.டி.எஸ். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 500 வரை விரும்பத்தக்கது. வேறு வழியில்லாதபோது 2000 வரை. ஆற்றில் விடும் கழிவுநீருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு 2100. சாயப்பட்டறைக் கழிவிலோ, அலசிய தண்ணீரெல்லாம் கலந்து நீர்த்த பிறகும் 5000, 6000, அதற்கு மேலும் இருக்கும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். பாசனத்துக்காக அதன் குறுக்கே சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். அது சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணை கட்டிக் கொடுத்த தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஒரு பாசன அணைக்கு இதைவிட மோசமான முடிவு என்ன இருக்க முடியும் என்று தெரியவில்லை.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியே விடாத 'பூஜ்ஜிய வெளியேற்ற' முறைக்கு மாறச் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மொத்தமாக மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பூஜ்ஜிய வெளியேற்றம் என்ற சொல்லில் நிறத்தோடு உப்பும் அடங்கும். தொழில்நுட்பம் முழுவதும் மாற வேண்டியிருந்தது அதனால்தான்.

பரப்புக் கவர்ச்சி: உட்காருவதும் ஊறுவதும்

இனி தூள் செய்திக்கு வருவோம். தூளும் கரியும் வேலை செய்யும் விதத்துக்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பஞ்சு தண்ணீரைக் குடிப்பது உறிஞ்சுதல்; தண்ணீர் பஞ்சின் உள்ளெல்லாம் ஊறுகிறது. பரப்புக் கவர்ச்சியில் கரைந்திருக்கும் பொருள் ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். எனவே எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

செறிவூட்டிய கரியில் அந்தப் பரப்பு நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது. தேங்காய்த் தொட்டியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், கரிக்குள் கோடானுகோடி நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பையெல்லாம் விரித்தால் 1000 சதுர மீட்டர் வரும். கால் ஏக்கர். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்குக் காரணம் இந்தக் கால் ஏக்கர்தான்.

ஆனால் பரப்பு இருந்தால் மட்டும் போதாது, உள்ளே நுழைய வாசல் வேண்டும். தேங்காய்த் தொட்டிக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. குளோரின், வாசனை தரும் சிறு மூலக்கூறுகள் போன்றவற்றுக்கு அது அருமையான இடம். ரியாக்டிவ் சாயம் பெரிய மூலக்கூறு. பல துளைகளில் அது நுழையவே முடியாது. மரம், நிலக்கரி ஆகியவற்றிலிருந்து செய்யும் அகலத் துளைக் கரிதான் சாயத்துக்கு ஏற்றது. கரி வியாபாரத்தில் அயோடின் எண் என்றும் மெத்திலீன் நீல எண் என்றும் இரண்டு அளவுகள் சொல்வார்கள். முதலாவது சிறு துளைகளின் அளவைக் காட்டும். இரண்டாவது கொஞ்சம் பெரிய மூலக்கூறுக்கு இடம் எவ்வளவு என்று காட்டும். அயோடின் எண்ணை மட்டும் பார்த்துச் சாயத்துக்குக் கரி வாங்கினால் ஏமாற்றம்தான்.

'98 சதவீதம்' என்ற செய்தியை எப்படிப் படிப்பது

இந்தச் செய்திகள் பொய் இல்லை. சோதனைக்கூடத்தில் அந்த எண் உண்மையாகவே கிடைத்திருக்கும். எந்தச் சூழ்நிலையில் கிடைத்தது என்பதுதான் கேட்க வேண்டியது.

1. எந்தச் சாயம்? இத்தகைய சோதனைகளில் மிக அதிகமாகப் பயன்படுவது மெத்திலீன் நீலம். அது நேர்மின் தன்மை கொண்டது. பழத்தோல், உமி, மரத்தூள் போன்ற தாவரப் பொருள்களின் மேற்பரப்பு பொதுவாக எதிர்மின் தன்மை கொண்டது. எதிரெதிர் என்பதால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். திருப்பூர்ச் சாயம் எதிர்மின் தன்மை கொண்டது. உப்புப் போடாமல் பருத்திப் பக்கம் வர மறுத்த அதே சாயம், அதே காரணத்தால் பழத்தோலையும் மறுக்கும். அமிலத்திலோ வேறு ரசாயனத்திலோ அந்தத் தூளின் மேற்பரப்பை மாற்றினால் நிலைமை தேறும். அப்போது அது இலவசக் கழிவாக இருக்காது.

2. எவ்வளவு தூள்? ஒரு லிட்டருக்கு 10 கிராம் போட்டு 98 சதவீதம் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் லிட்டருக்கு அதே கணக்கில் 10 டன் தூள் வேண்டும், தினமும். எனவே சதவீதத்தைவிட ஒரு கிராம் தூள் எத்தனை மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கிறது என்ற எண்தான் பேச வேண்டியது. மேற்பரப்பில் இடங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் உண்டு, நிரம்பினால் நிரம்பியதுதான் என்பதை 1918-இல் இர்விங் லாங்மியூர் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். இன்றும் பெரும்பாலான ஆய்வுகள் அதைப் பொருத்திப் பார்க்கின்றன.

3. எந்தத் தண்ணீர்? காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனை வேறு. உப்பு, சோடா, சோப்பு, பத்துச் சாயங்கள், பஞ்சுத் துகள் எல்லாம் கலந்து சூடாக வரும் கழிவு வேறு. எல்லாமே அந்த இடங்களுக்குப் போட்டி போடும்.

4. நிரம்பிய தூளை என்ன செய்வது? கரியென்றால் மறுபடி உலையில் சுட்டு ஓரளவு மீட்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு எரிந்து போகும். பழத்தோல் தூளை அப்படிச் சுட முடியாது. சாயம் ஏறிய டன் கணக்கான ஈரத் தூள் இன்னொரு கழிவு.

5. உப்பு? கரைந்த சமையல் உப்பைக் கரியோ தூளோ குறிப்பிடும்படி எடுப்பதில்லை. மேலே சொன்ன நான்கும் சரியாக அமைந்தாலும் இது அமையாது.

மலிவான பரப்புக் கவர் பொருள்களைத் தேடும் ஆராய்ச்சி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கழிவில் உப்புக் குறைவாக இருக்கும் இடங்களில், ஒரு குறிப்பிட்ட நச்சை மட்டும் எடுக்க வேண்டிய இடங்களில் அது உயிர் காக்கும். திருப்பூர்ச் சாயத்தண்ணீரின் சிக்கல் வேறு என்பதே இங்கே சொல்ல வருவது.

சவ்வு: வேரின் கதையும் பம்பின் கதையும்

உப்புத் தண்ணீர் பாய்ந்த வயலில், மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் வாடும். வேரின் தோல் தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. இப்படிப்பட்ட சவ்வின் இரு பக்கமும் உப்பின் அளவு வேறாக இருந்தால், தண்ணீர் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நகரப் பார்க்கும். இதுதான் சவ்வூடு பரவல். மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீரை இழுப்பது கடினமாகிக்கொண்டே போகும். தண்ணீர் இருந்தும் தாகம்.

இந்த இயற்கையான ஓட்டத்தை, உப்புப் பக்கம் அழுத்தம் கொடுத்துத் திருப்பிவிட்டால் அது எதிர்ச் சவ்வூடு பரவல். வீடுகளில் நாம் ஆர்.ஓ. என்று சொல்வது. இதைத் தொழிலுக்குப் பயன்படும் வேகத்தில் நடத்தக்கூடிய சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் ஆகிய இருவர்.

சவ்வுகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. துளை குறையக் குறைய வேலை மாறும்:

1. நுண் வடிகட்டல் பஞ்சுத் துகள், சேறு, பெரும்பாலான பாக்டீரியா ஆகியவற்றைப் பிடிக்கும்.
2. மீநுண் வடிகட்டல் வைரஸ், கூழ்மப் பொருள் வரை பிடிக்கும். கரைந்த சாயம் பெரும்பாலும் தப்பிவிடும்.
3. நானோ வடிகட்டல் சாயத்தைப் பிடிக்கும். உப்பில் ஒரு பாகுபாடு காட்டும்: இரட்டை மின்னேற்றம் கொண்ட சல்பேட்டைப் பெருமளவு தடுக்கும், ஒற்றை மின்னேற்றம் கொண்ட குளோரைடைப் பெருமளவு விட்டுவிடும்.
4. ஆர்.ஓ. உப்பையும் தடுக்கும். இதில் துளை என்று சொல்வதே அவ்வளவு பொருத்தமில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வின் பொருளுக்குள் கரைந்து ஊடுருவிப் போகின்றன.

மூன்றாவதில் உள்ள பாகுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

கரி காவலுக்கு நிற்கிறது

கரியும் சவ்வும் போட்டியாளர்கள் இல்லை. நடைமுறையில் கழிவு முதலில் ஒரே தொட்டியில் சேர்ந்து சமனாகும். பிறகு நுண்ணுயிர்கள் அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும். அதன் பின் மணல் வடிகட்டி, மிச்ச நிறத்தைப் பிடிக்க ரெசின் அல்லது கரி, கால்சியமும் மெக்னீசியமும் தரும் கடினத்தன்மையை எடுக்கும் மென்னாக்கி, மீநுண் சவ்வு என்று தேவைக்கேற்ப வரும். கடைசியாகத்தான் ஆர்.ஓ. இன்றைய ஆர்.ஓ. சவ்வு பாலிஅமைடால் ஆனது. குளோரின் பட்டால் அது சிதையும். எண்ணெய்ப் பசையும் சாயமும் படிந்தால் அடைக்கும். அவற்றைத் தடுத்து நிறுத்துவது முந்தைய படிகளின் வேலை. உங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் சவ்வுக்கு முன்னால் ஒரு கரிக் குழாய் இருப்பதும் இதற்காகவே.

ரிஜெக்ட் தண்ணீரின் கணக்கு

சவ்வு எதையும் அழிப்பதில்லை. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறு பக்கம் உப்பெல்லாம் திரண்ட தண்ணீர். தொழிலில் அதற்கு ரிஜெக்ட் என்று பெயர். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

பத்து லட்சம் லிட்டர் கழிவு. டி.டி.எஸ். 6000. அதாவது உள்ளே 6 டன் உப்பு. சாயம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் மொத்தச் சாயம் 100 கிலோதான். செய்தியில் பேசப்படுவது அந்த 100 கிலோ.

ஆர்.ஓ. 85 சதவீதத் தண்ணீரை மீட்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டரை லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் மறுபடி பட்டறைக்குப் போகும். மீதி ஒன்றரை லட்சம் லிட்டரில் அந்த 6 டன் உப்பும் இருக்கும். லிட்டருக்கு 40,000 மில்லிகிராம். கடல் நீரில் இருப்பதே ஏறக்குறைய 35,000. கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்கும் ஊரில், கடலைவிட உப்பான தண்ணீர் தினமும் உற்பத்தியாகிறது.

இதையும் சவ்வில் தள்ளலாமே என்றால், அழுத்தம் தடுக்கும். சமையல் உப்பாகக் கணக்கிட்டால் 6000 அளவில், தண்ணீர் உப்புப் பக்கமே திரும்பப் பார்க்கும் அந்த இயற்கை எதிர்ப்பு ஏறக்குறைய 5 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய காற்று மண்டலத்தின் அழுத்தம்); 40,000 அளவில் 30 பாருக்கு மேல். பம்பு அதைத் தாண்டி அழுத்த வேண்டும். சவ்வின் முகத்தில் உப்பு இன்னும் அடர்ந்து நிற்கும், கால்சியம் உப்புகள் படியத் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் சவ்வு நின்றுவிடும்.

அதன் பிறகு ஆவியாக்குவது ஒன்றே வழி. ஆயிரம் லிட்டர் தண்ணீரை நேராகக் கொதிக்கவைத்து ஆவியாக்க 630 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வேண்டும். கடல் நீரை ஆர்.ஓ. மூலம் நல்ல தண்ணீராக்கவே ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட்தான் செலவாகும். வித்தியாசத்தைப் பாருங்கள். அதனால்தான் ஒரு கலத்தில் எழும் ஆவியை அடுத்த கலத்தைச் சூடாக்கப் பயன்படுத்துவது, ஆவியையே அழுத்திச் சூடேற்றி மறுபடி பயன்படுத்துவது போன்ற உத்திகளால் இந்தச் செலவைப் பல மடங்கு குறைக்கிறார்கள். அப்படியும் நிலையத்தின் செலவில் பெரும் சுமை இந்தக் கடைசிச் சொச்சத் தண்ணீர்தான். விதியை மீறும் ஆசை எங்கே பிறக்கிறது என்பதும் இங்கே தெரிகிறது: முதல் 85 சதவீதம் லாபம், கடைசி 15 சதவீதம் செலவு. கண்காணிப்பவர்கள் பார்க்க வேண்டியது நல்ல தண்ணீர்க் குழாயை மட்டும் அல்ல, ஆவியாக்கியின் மீட்டரையும்.

எந்த உப்பைப் போட்டார்கள்?

ஆவியாக்கி முடித்தால் திட உப்பு கிடைக்கும். அதையே மறுபடி பட்டறைக்குக் கொடுத்தால் வட்டம் முழுமையாகும். அது நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது சுத்திகரிப்பு நிலையம் இல்லை, சாயப்பட்டறை.

சாயம் போடச் சோடியம் குளோரைடும் பயன்படும், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டும் பயன்படும். குளோரைடு மட்டும் இருந்தால், நானோ சவ்வு சாயத்தை நிறுத்திக்கொண்டு உப்புக் கரைசலை விட்டுவிடும். அதை நேராக அடுத்த சாயக் குளியலுக்கு எடுக்கலாம். சல்பேட் மட்டும் இருந்தால் வேறொரு நல்ல வழி: 32 டிகிரிக்குக் கீழே குளிரக் குளிர அதன் கரைதிறன் வேகமாகச் சரியும், குளிர்வித்தாலே படிகமாக இறங்கிவிடும்.

இரண்டும் கலந்தால்தான் கஷ்டம். ஒரு பட்டறை குளோரைடு, பக்கத்துப் பட்டறை சல்பேட், சலவையில் ப்ளீச்சிங்கிலிருந்தும் அமிலத்திலிருந்தும் வரும் குளோரைடு, எல்லாம் ஒரே குழாயில் பொது நிலையத்துக்கு வந்தால், பிரிக்க முடிந்ததைப் பிரித்த பிறகும் ஒரு கலப்பு உப்பு மிஞ்சும். அதில் கொஞ்சம் சாயம், கொஞ்சம் கடினத்தன்மை. எந்தப் பட்டறையும் அதை வாங்காது. சுத்திகரிப்பில் வரும் சேற்றைச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்ப வழி உண்டு; கலப்பு உப்புக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது, ஏனென்றால் குளோரைடு சூளைக்கும் ஆகாது, கட்டடத்துக்குள் இருக்கும் கம்பிக்கும் ஆகாது. மழை படாத கொட்டகையில் மூட்டையாக அடுக்கி வைக்க வேண்டும். தண்ணீரில் இவ்வளவு எளிதாகக் கரையும் பொருளை, எத்தனை மழைக்காலத்துக்கு வேண்டுமானாலும்.